பேராளர் உலாவும் ஆய்வுக் களமும்: இலண்டன் மாநகரின் தமிழ்த் தடங்களை முன்வைத்து

முன்னுரை

பன்னாட்டுத் தமிழ் மாநாடுகளின் நிகழ்ச்சி நிரலில் கட்டுரை அமர்வுகளுக்கு அடுத்த இடம் பேராளர்களுக்கான பண்பாட்டு உலாவுக்கும் மாலை விருந்துக்கும் உரியது. அமர்வுகளைப் பற்றி மலர்களும் தொகுதிகளும் விரிவாகப் பேசுகின்றன. உலாவைப் பற்றி ஒரு நன்றியுரை வாக்கியத்துக்கு மேல் எவரும் எழுதுவதில்லை. பேருந்து ஒன்றை அமர்த்தி, நகரின் புகழ்பெற்ற கட்டடங்களைச் சுற்றிக் காட்டி, நிழற்படம் எடுத்துத் திரும்புவதே உலா என்னும் எண்ணம் நம்மிடையே நிலைத்துவிட்டது. உலாவும் ஆய்வுப் பணியின் ஒரு பகுதியே என்பதையும், அதை எவ்வாறு அமைக்கலாம் என்பதையும் இலண்டன் மாநகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

இதை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றைக் கூறுதல் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் இந்நகரில் நடந்த ஒரு கருத்தரங்கின் ஏற்பாட்டுக் குழுவில் நானும் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமையை உலாவுக்கென ஒதுக்கியவன் நானே. தென்தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஒருவர், தாம் பல ஆண்டுகளாகத் தேடிவந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு நொண்டி நாடகப் பதிப்பு ஒன்றின் பட்டியல் எண்ணைச் சிறு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரித்தானிய நூலகத்தின் படிப்பறைகள் திறப்பதில்லை. மறுநாள் காலை அவருக்கு வானூர்தி. எங்கள் பேருந்து யூஸ்டன் சாலை வழியே சென்றபோது அந்நூலகத்தின் செங்கல் முகப்பைச் சாளரத்தின் வழியே அவருக்குச் சுட்டிக் காட்டினேன். அதைத் தவிர அன்று அவருக்கு நான் செய்யக்கூடியது வேறொன்றுமில்லை. அவர் ஊர் திரும்பினார். பணி ஓய்வும் பெற்றார். நுழைவிசைவுக் கட்டணமும் பயணச் செலவும் தம் ஊதியத்திலிருந்து செலுத்தி வரும் பேராளர் பலருக்கு இரண்டாம் பயணம் என ஒன்று வாய்ப்பதில்லை. உலா நாளை எந்தக் கிழமையில் வைப்பது என்பதுகூட ஆய்வு பற்றிய முடிவே என்பதை அன்று உணர்ந்தேன்.

1. மாநாடும் உலாவும்: முன் நிகழ்ந்தவை

பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். முன்பே சென்று பயன்பெற்றவர், இனிச் செல்ல வேண்டியவருக்கு வழியையும், வழியில் கிடைக்கும் உணவையும், காணத்தக்க நிலங்களையும், சென்று சேரும் இடத்தின் இயல்பையும் கூறுவது அவற்றின் அமைப்பு. மலைபடுகடாம் வழியிலுள்ள இடர்களையும் மறைக்காமல் எடுத்துரைக்கிறது. விருந்தினரை வழிப்படுத்தும் கலைக்கு இலக்கிய வகை ஒன்றையே வகுத்த மரபு நம்முடையது. மாநாட்டு உலாவையும் அவ்வகையில் ஓர் ஆற்றுப்படையாகவே கருதுதல் தகும்.

உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964இல் புதுதில்லியில் கீழ்த்திசையியலாளர் மாநாடு நடைபெற்றபோது தோன்றியது. அமர்வுகளுக்கு வெளியே அறிஞர்கள் சந்தித்துப் பேசியதன் விளைவு அது. அதற்கு வித்திட்ட சேவியர் தனிநாயகம் அடிகள் இலண்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். பயணம் சென்ற இடமெல்லாம் நூலகங்களில் தமிழ் நூல்களைத் தேடியவர். 1679ஆம் ஆண்டின் தமிழ்–போர்த்துகீசிய அகராதியை வத்திக்கான் நூலகப் படியிலிருந்து 1966இல் கோலாலம்பூரில் அவர் வெளியிட்டமை அத்தேடலின் பயன்.

1968 சென்னை மாநாட்டின்போது மெரினா கடற்கரையில் நிறுவப்பட்ட சிலைகளில் போப், கால்டுவெல், வீரமாமுனிவர் ஆகியோரின் உருவங்களும் அடங்கும். மாநாட்டுக் கட்டுரைகளைப் படிக்காத பல்லாயிரவர் இன்றும் அச்சிலைகளின் வழியாக அம்மாநாட்டோடு தொடர்பு கொள்கின்றனர். 1974இல் யாழ்ப்பாணத்தில் நடந்த நான்காம் மாநாட்டையொட்டி, சனவரி 10ஆம் நாள் வீரசிங்கம் மண்டபத்தின் முன்பு கூடிய பொதுமக்களில் சிலர் உயிரிழந்தனர். காவல்துறையினரின் நடவடிக்கையின்போது மின்கம்பி அறுந்து விழுந்ததே உயிரிழப்புக்குக் காரணமாயிற்று. அவர்கள் கட்டுரை படிக்க வந்தவர்கள் அல்லர்; அறிஞர்களைக் காணவும் கேட்கவும் வந்தவர்கள். தமிழ் மாநாட்டின் பொது நிகழ்ச்சியை ஓர் இணைப்பு நிகழ்ச்சியாக மட்டும் கருத முடியாது என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று இல்லை.

2. புளூம்ஸ்பரி: நடந்தே காணத்தக்க ஒரு நாள்

இலண்டனில் தமிழாய்வாளர் காண வேண்டிய மூன்று நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று நடைதூரத்தில் உள்ளன. பிரித்தானிய அருங்காட்சியகத்திலிருந்து கீழ்த்திசை மற்றும் ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளிக்கு ஐந்து நிமிட நடை. அங்கிருந்து பிரித்தானிய நூலகத்துக்கு இருபது நிமிடங்களுக்குள் செல்லலாம். பேருந்து தேவையில்லை. அருங்காட்சியகத்தின் நிலையான காட்சிக்கூடங்களுக்குக் கட்டணமும் இல்லை.

அருங்காட்சியகத்தில் தொடங்குவது நன்று. சோழர்காலப் படிமங்களைக் கண்டபின் அமராவதிச் சிற்பக்கூடத்துக்குச் செல்லலாம். சென்னை மாகாண அதிகாரியான வால்டர் எலியட் 1845இல் அகழ்ந்தெடுத்துச் சென்னைக்கு அனுப்பியவை இவை. பின்னர் இலண்டனுக்குக் கப்பலேறின. சுண்ணாம்புக் கல்லால் ஆனவையாயினும் ‘எலியட் சலவைக்கற்கள்’ என்னும் பெயர் நெடுங்காலம் வழங்கிற்று. அதே தூபியின் பிற பகுதிகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. எழும்பூரை அறிந்த பேராளர் ஒருவர் இங்கு நிற்கும்போது, ஒரே கட்டடத்தின் இரு பாதிகளையும் கண்டவராகிறார். இவ்வாய்ப்பு இலண்டன்வாழ் ஆய்வாளர் பலருக்கு இல்லை. எனவே இவ்விடத்தில் விளக்கம் கூற வேண்டியவர் உள்ளூர் வழிகாட்டி மட்டுமல்லர். சென்னையிலிருந்து வந்த விருந்தினரும் பேச வேண்டும்.

அடுத்தது கீழ்த்திசை மற்றும் ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளி. 1916இல் நிறுவப்பெற்ற இப்பள்ளியில் பல பத்தாண்டுகள் தமிழ் கற்பிக்கப்பட்டது. எட்டுத்தொகை பற்றிய ஜான் மார் அவர்களின் விரிவான ஆய்வேடு 1958இல் இப்பல்கலைக்கழகத்துக்கு அளிக்கப்பெற்றது. அது நூலாக வெளிவந்தது 1985இல், சென்னையில். பள்ளி வளாகத்தில் 1996இல் திறந்துவைக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை உள்ளது. பேராளர்கள் அதன் முன் படமெடுத்துக்கொள்வது இயல்பு. அவ்விடத்தில் பத்து நிமிடம் நின்று, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் தமிழ் கற்பித்தலின் இன்றைய நிலையைப் பற்றி ஒருவர் சுருக்கமாக உரைப்பாராயின் படத்துக்கும் பொருள் உண்டாகும்.

நண்பகலுக்குப் பின் நூலகம். இந்திய அலுவலக ஆவணங்கள் 1982இல் இந்நூலகத்தின் பொறுப்பில் வந்தன. அடுக்கி வைத்தால் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளும் அத்தொகுப்பில் சென்னை மாகாண நிருவாகத்தின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. தமிழ் நூல்கள் இங்கு வந்து சேர்ந்ததற்கு ஒரு சட்டப் பின்னணி உண்டு. 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் நூற்பதிவுச் சட்டத்தின்படி மாகாணத்தில் அச்சான நூல்கள் பதிவு செய்யப்பட்டுப் பட்டியலிடப்பட்டன. அப்பட்டியல்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட படிகள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. குசிலிக்கடைச் சிறுநூல்கள், நாடகப் பாடல்கள், சமய வாதத் துண்டறிக்கைகள் முதலியவற்றை ஊரில் எவரும் பேணி வைக்காத நிலையில், பதிவு அலுவலகத்தின் நடைமுறை அவற்றுள் சிலவற்றைக் காத்தது. எல். டி. பார்னெட்டும் ஜி. யு. போப்பும் தொகுத்த தமிழ் நூற்பட்டியல் 1909இல், போப் மறைந்த மறு ஆண்டில், வெளிவந்தது. 1931இல் அதற்குப் பார்னெட்டின் பின்னிணைப்பு வந்தது. என் நண்பரின் சட்டைப் பையில் இருந்த எண் அப்பட்டியல் காட்டிய வழியில் கிடைத்ததே.

படிப்பறைக்குள் செல்ல வாசகர் அட்டை வேண்டும். அதற்கு அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்பர். பேராளர்களுக்கு அனுப்பும் முதல் மடலிலேயே இதைத் தெரிவித்தல் வேண்டும். தேவைப்படும் நூலின் எண்ணை முன்கூட்டியே பெற்று, ஏற்பாட்டுக் குழுவினர் உள்ளூர் ஆய்வு மாணவர் ஒருவரைத் துணையாக அமர்த்த வேண்டும். 2023 அக்டோபரில் இந்நூலகத்தின் கணினி அமைப்புகள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகிப் பட்டியல் சேவைகள் நெடுங்காலம் தடைப்பட்டன. அச்சில் வெளிவந்த பழைய பட்டியல்களைக் கையாளத் தெரிந்திருப்பதன் பயனை அக்காலம் நமக்கு மீண்டும் உணர்த்தியது.

3. ஸ்டிராண்ட்: வழக்காடிய கோயில்

இரண்டாம் உலா அரை நாளுக்குரியது. அரச நீதிமன்றங்கள் அமைந்துள்ள ஸ்டிராண்ட் தெரு எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் தமிழிடமாகக் குறிக்கப்படவில்லை. ஆயினும் தமிழகக் கோயிற் படிமங்களின் வரலாற்றில் இதற்குத் தனியிடம் உண்டு. தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் பாழடைந்த விசுவநாத சுவாமி கோயில் வளாகத்தில் 1976இல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட நடராசர் படிமம், இடைத்தரகர் பலர் கைமாறி இலண்டனை அடைந்தது. கனடிய நிறுவனம் ஒன்று அதை விலைக்கு வாங்கியது. சீரமைப்புக்காக அது பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருந்தபோது 1982இல் மாநகரக் காவல்துறை அதைக் கைப்பற்றியது.

வழக்கில் இரண்டு வினாக்கள் எழுந்தன. இப்படிமம் பத்தூருக்கு உரியதுதானா என்பது முதல் வினா. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சான்றுரைத்தார். சிற்ப அமைதியோடு, உலோகம், ஒட்டியிருந்த மண், கறையான் விட்டுச்சென்ற தடம் ஆகியவையும் ஆராயப்பட்டன. வழிபாடு நின்றுபோன ஒரு கோயில் ஆங்கிலேய நீதிமன்றத்தில் வழக்காட முடியுமா என்பது இரண்டாம் வினா. இந்தியச் சட்டம் கோயிலைச் சட்டமுறை ஆளாக ஏற்பதால், இங்கும் அவ்வுரிமையை மதிக்கலாம் என மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991இல் தீர்ப்பளித்தது. நடராசர் அவ்வாண்டே தமிழகம் திரும்பினார்.

இவ்வழக்குக்குப் பின்பும் மீட்புகள் தொடர்கின்றன. மயிலாடுதுறை மாவட்டத்து ஆனந்தமங்கலத்தில் 1978இல் களவுபோன இராமர், இலக்குவன், சீதை படிமங்கள் 2020இல் இலண்டனில் இந்தியத் தூதரகத்திடம் ஒப்படைக்கப்பட்டன. நீதிமன்ற வாயிலில் நின்று இச்செய்திகளைக் கேட்ட பின் தென்கென்சிங்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் சோழர் படிமங்களைப் பார்க்கும் பேராளர், அழகைக் காண்பதோடு ஒவ்வொரு படிமமும் எப்போது, எவ்வழியாக வந்தது என விளக்கப் பலகையில் தேடத் தொடங்குவார். காலனிய அதிகாரிகளின் நன்கொடையாக வந்தவை ஒருவகை. களவாடப்பட்டுச் சந்தைக்கு வந்தவை மற்றொரு வகை. இரண்டையும் ஒன்றாகக் கருதி முழங்குவது எளிது. வேறுபடுத்திப் பார்ப்பதே ஆய்வாளர் கடமை.

அருகிலுள்ள லிங்கன்ஸ் இன் வளாகத்தையும் இவ்வுலாவில் சேர்க்கலாம். ஈழத்தவரான முத்துக்குமாரசுவாமி 1863இல் வழக்கறிஞராக ஏற்கப்பட்டது இங்கேதான். அரிச்சந்திரன் கதை நாடகத்தை அவர் ஆங்கிலமாக்கி அவ்வாண்டே இலண்டனில் வெளியிட்டார். அவர் மகன் ஆனந்த குமாரசுவாமி பின்னாளில் இலண்டன் பல்கலைக்கழகத்தில் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றுக் கலை வரலாற்றுக்குத் திரும்பினார். நடராசர் வடிவின் பொருளை மேலைநாட்டார்க்கு எடுத்துரைத்தவர் அவரே என்பதால், ஒரு தெருவின் இரு முனைகளும் இங்கே பொருளால் இணைகின்றன.

4. ஆக்ஸ்போர்டு: ஒரு கல்லறையும் ஒரு படிமமும்

பேடிங்டன் நிலையத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொடர்வண்டிப் பயணத்தில் ஆக்ஸ்போர்டை அடையலாம். ஜி. யு. போப் 1908இல் மறைந்து, வால்டன் தெருவையடுத்த தூய செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானார். கல்லறையில் தம்மைத் தமிழ் மாணவன் எனப் பொறிக்க வேண்டுமென அவர் விரும்பினார் என்றும், அவ்வாறே பொறிக்கப்பட்டுள்ளது என்றும் நம் மேடைகளில் பல்லாண்டுகளாகக் கூறப்பட்டு வருகிறது. பாடநூல்களையும் அச்செய்தி எட்டியுள்ளது. கல்லில் அத்தொடர் இல்லை. அவர் பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர், பேலியல் கல்லூரியின் குருவாக இருந்தவர் என்னும் குறிப்புகளும், அக்கல்லை அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து எழுப்பினர் என்னும் செய்தியுமே அங்குள்ளன.

முதன்முறை இதை நேரில் படிக்கும் பேராளர் முகங்களில் ஏமாற்றம் தோன்றுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். சற்றுப் பொறுத்து எண்ணினால், கல்லில் உள்ள செய்தி மேடைச் செய்தியினும் பெரிது என்பது விளங்கும். ஆசிரியர் ஒருவர் தம்மைப் பற்றிக் கூறிக்கொண்ட பணிவுரையைவிட, கடலுக்கு அப்பாலிருந்த மாணவர்களும் நண்பர்களும் அவர் கல்லறைக்குக் கல் எடுத்தனர் என்பது நம் மரபில் உயர்ந்த நன்றிக்கடன். நடுகல் எடுத்த மக்களுக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஒரு தொடரைச் சரிபார்க்க நூறாண்டுகள் எவரும் செல்லவில்லை என்பதல்ல. சென்றவர்கள் கண்டதை எழுதவில்லை என்பதே நம் குறை.

கல்லறைத் தோட்டத்திலிருந்து ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் சிறுநடைத் தொலைவே. சுந்தரப்பெருமாள்கோவில் சௌந்தரராசப் பெருமாள் கோயிலுக்குரிய திருமங்கையாழ்வார் படிமம் 1967இல் ஏலத்தில் வாங்கப்பட்டு இங்கு வந்தது. அப்படிமம் கோயிலில் இருந்தமைக்குப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் 1957ஆம் ஆண்டு நிழற்படம் சான்றாயிற்று. 2024இல் பல்கலைக்கழகம் அதைத் திருப்பியளிக்க இசைந்தது. கள ஆய்வில் எடுத்து முறையாகப் பேணிய ஒரு படம் அறுபது ஆண்டுகளுக்குப் பின் இவ்வளவு பெரிய பணியைச் செய்தது. உலாவின்போது நம் பேராளர் எடுக்கும் படங்களும் நாள், இடம், பொருள் குறித்து வைக்கப்படின் நாளைய சான்றாகும்.

5. கிழக்கு ஹாமும் ஈலிங்கும்: வாழும் தமிழகம்

2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இங்கிலாந்திலும் வேல்சிலும் தமிழைத் தம் முதன்மை மொழியாகக் கூறியோர் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பாலோர் ஈழத்திலிருந்து போரினால் இடம்பெயர்ந்தோரும் அவர்தம் மக்களும். அருங்காட்சியகங்களை மட்டும் கண்டு திரும்பும் பேராளர், இவர்களைக் காணாமலே இலண்டனைக் கண்டதாக எண்ணிச் செல்வார்.

விம்பிள்டன் கணபதி கோயில் 1981இலும், ஹைகேட் குன்று முருகன் கோயில் 1986இலும் தோன்றின. ஈலிங்கின் சாப்பல் சாலையில் உள்ள கனகதுர்க்கை அம்மன் கோயிலின் ஆகஸ்டுத் தேர்த்திருவிழாவில் காவடியும் கற்பூரச்சட்டியும் ஆங்கிலேயக் குடியிருப்புத் தெருக்களில் செல்வதைக் காணலாம். கிழக்கு ஹாமின் வடக்கு நெடுந்தெருவில் கடைப்பலகைகளின் தமிழே தனி ஆய்வுக்குரியது. யாழ்ப்பாணத்து எழுத்துமரபும் தமிழ்நாட்டு எழுத்துமரபும் ஒரே தெருவில், சிலபோது ஒரே பலகையில் காணப்படும். இடியப்பமும் சம்பலும் ஒரு கடையில். மசால் தோசையும் வடிகாப்பியும் அடுத்த கடையில். மொழியியல் பேராளருக்கு இங்கு ஒரு மாலைப்பொழுது போதாது.

வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஒன்றையும் காணச் செய்தல் வேண்டும். அங்கே பேராளர் மேடையேறி வாழ்த்துரை வழங்குவதைவிட, பின்வரிசையில் அமர்ந்து ஒரு பாடவேளையைக் கேட்பது நலம். வீட்டில் பேச்சுத்தமிழும் பாடநூலில் எழுத்துத்தமிழும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளரும் சிறுவர், ‘வந்திருக்கிறார்கள்’ என்பதை எவ்வாறு ஒலிக்கின்றனர், எங்கே தயங்குகின்றனர் என்பதை எந்தக் கட்டுரையும் அவ்வளவு தெளிவாகக் காட்டாது.

6. மாலை விருந்தும் நடைமுறைக் குறிப்புகளும்

மாலை நிகழ்ச்சியில் பொன்னாடை போர்த்தலும் நினைவுப் பரிசும் வரவேற்புரையும் நன்றியுரையும் இரண்டு மணி நேரத்தை எடுத்துக்கொள்வது நாம் அறிந்ததே. மேற்குக் கென்சிங்டனிலுள்ள பாரதிய வித்யா பவன் போன்ற அரங்குகளில் இங்கேயே பிறந்து வளர்ந்த இளையோரின் பரதமும் கருநாடக இசையும் நடைபெறுகின்றன. அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் உரைகளுக்கு இடைப்பட்ட பத்து நிமிடமே. சிறப்புச் செய்தலை ஒரே நேரத்தில் சுருக்கமாக முடித்து, எஞ்சிய பொழுதைக் கலைஞர்க்கும் உரையாடலுக்கும் அளித்தல் வேண்டும். விருந்து மேசையில் மூத்த பேராசிரியர் நால்வர் ஒன்றாக அமர்வதைத் தவிர்த்து, மேசைக்கு ஓர் ஆய்வு மாணவரையும் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியரையும் சேர்க்கலாம். கூட்டு ஆய்வுகள் பல அவ்வாறு தொடங்கியதை அறிவேன்.

ஏனைய நடைமுறைகள் வருமாறு. நூலக நாள் கட்டாயம் வாரநாளாக அமைய வேண்டும். ஒரு வழிகாட்டிக்குப் பதினைந்து பேருக்கு மேல் கூடாது. குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுமாதலால் ஆக்ஸ்போர்டுப் பயணம் அதிகாலையில் தொடங்க வேண்டும். நீண்ட நேரம் நடக்க இயலாத மூத்தவர்களுக்கு ஊர்தியும், மரக்கறி உணவினருக்கு முன்னேற்பாடும் தேவை. ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு பக்க அளவில் தமிழ்க் குறிப்பு ஒன்று முன்னதாகவே அனுப்பப்படின், உடன்வரும் குடும்பத்தாரும் அதைப் படித்துப் பயன் கொள்வர்.

முடிவுரை

மாநாட்டுத் தொகுதிகளில் உலாவுக்கென ஒரு பகுதி ஒதுக்கப்பட வேண்டும் என்பது இக்கட்டுரையின் பரிந்துரை. பேராளர் ஒவ்வொருவரும் தாம் கண்ட ஒரு நூல், ஒரு கல், ஒரு படிமம், ஒரு கடைப்பலகை பற்றி அரைப்பக்கம் எழுதினாலே போதும். போப்பின் கல்லறை பற்றி அத்தகைய அரைப்பக்கம் முன்பே பரவலாக வெளிவந்திருப்பின் ஒரு பிழை இத்தனை தலைமுறை வாழ்ந்திராது. ஆற்றுப்படையில் பேசுபவர் தாம் சென்று வந்தவர் என்பதாலேயே அவர் சொல்லுக்கு மதிப்பு. அடுத்த மாநாட்டை இந்நகரில் நடத்துவோர் முதலில் நாட்காட்டியை எடுத்து, நூலகம் திறந்திருக்கும் நாளைக் குறித்துக்கொண்டு, அதைச் சுற்றி ஏனைய அமர்வுகளை அமைப்பாராக.